நாட்டுத் திராட்சைக்குக் காட்டு வேர்

"அண்ணே, இது நாட்டுத் திராட்சைதானே? ஒட்டுக்கட்டினது இல்லையே?"

மெட்ராஸ்ல இருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் திராட்சை கேட்டுப் போன் பண்றவங்க இப்பல்லாம் விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் கேட்கிறாங்க. கேட்கிறதுல தப்பு ஒண்ணும் இல்லை. வாயில போடுறது எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிற ஆளுங்களைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். ஆனா கேள்வியிலேயே ஒரு தீர்ப்பு இருக்கு பாருங்க: நாட்டுன்னா நல்லது, ஒட்டுன்னா கலப்படம். அந்தத் தீர்ப்பைப் பத்தித்தான் இன்னைக்குக் கொஞ்சம் எழுதணும். போன்ல பேசித் தீர்க்கிற விஷயமா இது தெரியலை.

முதல்ல இந்த 'நாட்டு' விவகாரம். எங்க கம்பம் பள்ளத்தாக்குல விளையுற கறுப்புத் திராட்சையைப் பன்னீர் திராட்சைன்னு சொல்றோம். 2023இல் இதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டின்னு எந்தப் பக்கம் போனாலும் கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு மேல பந்தல். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல காய் வெட்டு நடந்துக்கிட்டே இருக்கும். எங்க ஊர்ப் பெருமைதான், மறுக்கலை. ஆனா அந்தப் பன்னீர் திராட்சையோட பதிவுப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துல ஒரு பிரபுவோட தோட்டத்துக் கண்ணாடி வீட்டுக்குள்ள பிறந்த ரகம் அது. அப்பா அம்மா இரண்டுமே ஐரோப்பியப் பழத் திராட்சை.

சரி, சந்தையில நாட்டுத் திராட்சைன்னு விக்கிற இன்னொண்ணு, கொட்டை உள்ளது, தோல் தடிப்பானது, புளிப்பும் இனிப்புமா இருக்கும், பெங்களூர் பக்கத்துல இருந்து லாரியில வரும். பெங்களூர் புளூன்னு சொல்வாங்க. அதை விரலால அமுக்கினா உள்ள இருக்கிற சதை வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடும், தோல் தனியா கையில நிக்கும். ஒரு மாதிரி சென்ட் அடிச்ச வாசனை. நீங்க சின்னப் பிள்ளையில சாப்பிட்ட கிரேப் மிட்டாய், கிரேப் பபிள்கம் வாசனை இதுதான். ஐரோப்பியத் திராட்சைக்கு இந்த வாசனை கிடையாது. இது வட அமெரிக்கக் காட்டுத் திராட்சையோட வாசனை. அங்கே அதுக்கு 'நரித் திராட்சை'ன்னு பேர். பெங்களூர் புளூவோட மூல ரகம் இசபெல்லா. ஐரோப்பியக் கொடியும் இந்த நரித் திராட்சையும் அமெரிக்க மண்ணுல கலந்து உண்டான கொடி, 1800களின் தொடக்கத்துலேயே அங்கே நர்சரிக்காரங்க கைக்கு வந்துடுச்சு. அங்கேயிருந்து உலகம் பூரா போச்சு, நம்ம ஊர் பக்கமும் வந்துது.

ஆக, நீங்க நாட்டுன்னு கேட்டு வாங்குற இரண்டுல ஒண்ணு இங்கிலாந்துக்காரன், இன்னொண்ணு பாதி அமெரிக்கக் காட்டுவாசி. ஓடைப்பட்டி பக்கம் விளையுற விதையில்லாத் திராட்சையோட பூர்வீகத்தைத் தோண்டினா துருக்கி, ஈரான் பக்கம் போகும். யாரையும் கிண்டல் பண்ண இதைச் சொல்லலை. இவங்க எல்லாருமே எங்க மண்ணுக்கும் எங்க கவாத்துக் கத்திக்கும் பழகினவங்கதான். மிளகாயும் தக்காளியும் பழகின மாதிரி.

இப்ப ஒட்டுக்கு வர்றேன்.

எங்க தோட்டம் இரண்டு ஏக்கர். அப்பா நட்ட கொடிகள். அந்தக் காலத்துல நல்லா முத்தின குச்சியா வெட்டி, நாலு கணு விட்டு, நேரா மண்ணுல பதிச்சு வேர்விட வச்சு நட்டாங்க. கொடி தன் சொந்த வேர்ல நிக்கும். பதினஞ்சு வருஷம் வாரிக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் கவாத்து முடிஞ்சு துளிர் வர்றப்பவே தெரிஞ்சிடும், பந்தல்ல அங்கங்க வானம் தெரிய ஆரம்பிச்சிடும். கொத்து சின்னதா போச்சு, மணிகள் ஒரே மாதிரி கறுக்காம பச்சையும் சிவப்புமா நின்னுச்சு. ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்தா வேர் முழுக்க மிளகு கோத்த மாதிரி முடிச்சு. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள்ள குடியிருந்துக்கிட்டு சாறை உறிஞ்சும். பத்தாததுக்குப் போர்த் தண்ணி வருஷா வருஷம் உப்பேறிக்கிட்டு வருது. வாய்க்கால் தண்ணி வர்ற வயக்காட்டுக்காரனுக்குப் பெரியாறு இருக்கு, மேட்டுக்காட்டுல இருக்கிற எனக்குப் போர்தான்.

பழைய கொடியைப் பிடுங்கிட்டு அதே இடத்துல அதே ரகத்தைச் சொந்த வேர்ல நட்டா என்ன ஆகும்? மண்ணுக்குள்ள புழு பசியோட காத்துக்கிட்டு இருக்கு. நடுற கொடி இரண்டாம் வருஷமே இளைச்சுப் போகும். மருந்து ஊத்தலாம். குருணை மருந்தா மண்ணுல போட்டு, தண்ணி பாய்ச்சி, அந்த மண்ணுல இருக்கிற மத்த சீவனையும் சேர்த்துக் கொல்லலாம். "ஒட்டு வேண்டாம், நாட்டுதான் வேணும்"னு கேட்கிறவங்க இந்த இடத்தை யோசிக்கிறதே இல்லை. ஒட்டு இல்லாத கொடியை இந்த மண்ணுல நிறுத்தணும்னா நான் விஷத்தைத்தான் கூப்பிடணும்.

அதனால போன வருஷம் ஒரு ஏக்கரைப் பிடுங்கிட்டு, அங்கே டாக்ரிட்ஜ் நட்டேன். மகாராஷ்டிராவுல நாசிக், சாங்லி, சோலாப்பூர் பக்கம் ஏற்றுமதித் திராட்சை போடுறவங்க ஏராளமா இந்த வேர்மேலதான் நிக்கிறாங்க. அங்கே வறட்சியும் உப்புத் தண்ணியும் வந்து கொடிகள் காய்ஞ்சப்போ காப்பாத்தினது இதுதான். எங்க பக்கம் பன்னீருக்கு இதைப் பயன்படுத்துறவங்க இன்னும் கொஞ்சம் பேர்தான். பதியன் குச்சி சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்து வேர்ச்செடி வாங்கி, ஒட்டுக்கட்ட ஆளுக்கும் கொடுத்து, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் காய் இல்லாம பந்தலை வெறுமனே வச்சிருக்கணும்னா யார் துணிவாங்க? பக்கத்துத் தோட்டத்து மாமா, "மாப்ளே, காசு கொடுத்துக் காட்டுக்கொடி நடுறியாக்கும்"னு சிரிச்சார்.

அவர் சிரிப்புல சொன்னாலும் சொன்னது உண்மை. டாக்ரிட்ஜ் காட்டுக்கொடியேதான். அமெரிக்காவுல டெக்ஸஸ் மாநிலத்துல பெல்டன்னு ஒரு ஊர் பக்கம் ஒரு மேடு இருக்கு, டாக் ரிட்ஜ். தமிழ்ல சொன்னா நாய் மேடு. அந்த இடத்தோட பேர்தான் கொடிக்கு. யாரும் கலப்புப் பண்ணி உண்டாக்கலை. காட்டுத் திராட்சை இனங்கள் தாமா ஒண்ணோட ஒண்ணு கலந்து, சுண்ணாம்புப் பாறையிலயும் கொளுத்துற வெயில்லயும் தப்பிப் பிழைச்ச கொடி. அதைப் பார்த்து, இது வேருக்கு ஆகும்னு பொறுக்கி எடுத்தவர் டி.வி.மன்சன். டெக்ஸஸ்ல டெனிசன்னு ஒரு ஊர்ல நர்சரி வச்சிருந்த ஆள். 1876இல் அந்த ஊருக்குக் குடிவந்தார், 1913இல் இறந்துபோனார். இடையில இருந்த காலத்துல ரயில்லயும் குதிரையிலயும் மாநிலம் மாநிலமா சுத்தி ஆத்தங்கரை, மலைச்சரிவு, வேலின்னு எங்கெல்லாம் காட்டுத் திராட்சை ஏறிக்கிடக்கோ அங்கெல்லாம் போய்ப் பார்த்து, குச்சி வெட்டி, குறிப்பு எழுதியிருக்கார். 1909இல் அமெரிக்கத் திராட்சை வளர்ப்பைப் பத்திப் பெரிய புத்தகமே போட்டார்.

அந்த நாட்டுல காட்டுத் திராட்சை நம்ம ஊர்க் கோவைக்கொடி மாதிரி சர்வசாதாரணம். ஒரே இனம் இல்லை, ஊருக்கு ஊர் வேற வேற. வடக்கே குளிர் தாங்குற ஆத்தங்கரைத் திராட்சை, கிழக்கே நரித் திராட்சை, தென்கிழக்கே தடித்த தோலோட ஒத்தை ஒத்தையா உதிர்ற மஸ்கடைன், டெக்ஸஸ்ல மஸ்டாங். காட்டுக்கொடியில ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆண் கொடியை எத்தனை வருஷம் வளர்த்தாலும் பூ மட்டும்தான், காய்க்காது. பழம் கறுத்து, சின்னதா, கொட்டை பெருசா, புளிப்பு கண்ணைச் சுருக்கும். ஆத்தங்கரைத் திராட்சையைப் பனி விழுந்த பிறகு பறிச்சா கொஞ்சம் இனிக்கும். மஸ்டாங் பழத்தைக் கோடையில டெக்ஸஸ்காரங்க கையுறை போட்டுக்கிட்டுப் பறிப்பாங்களாம், ஏன்னா சாறு பட்டா தோல் அரிக்கும். கொதிக்க வச்சு, வடிகட்டி, சர்க்கரையைக் கொட்டி ஜெல்லி காய்ச்சி வருஷத்துக்கும் பாட்டில்ல வச்சுக்குவாங்க. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க பழமாவும் தின்னாங்க, உலர்த்தியும் வச்சுக்கிட்டாங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நிலவுவிதைக் கொடின்னு ஒண்ணு அதே காட்டுல அதே மாதிரி கறுப்புக் கொத்தோட தொங்கும். அது விஷம். பழத்தை உடைச்சுப் பார்த்தா உள்ள பிறை நிலா மாதிரி ஒரே ஒரு விதை இருக்கும். கூர்மையா பார்க்கிறவங்களுக்குப் பற்றுக்கம்பி இல்லாததும் தெரியும். அமெரிக்காவுல இருக்கிற நம்ம பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சிட்டுக் காட்டுக்குள்ள பறிக்கப் போனீங்கன்னா இதை ஞாபகம் வச்சுக்குங்க.

கையுறை, அரிப்புன்னதும் உங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரணுமே. பிரண்டை! பிரண்டை உரிக்கிறப்போ கையில நல்லெண்ணெய் தடவிக்கச் சொல்லும் ஆத்தா. பிரண்டையும் திராட்சைக் குடும்பம்தான். கணுவுல இலைக்கு எதிர்ப்பக்கம் சுருண்டு நிக்கிற பற்றுக்கம்பியைப் பாருங்க, அப்படியே திராட்சைதான். தூரத்துச் சொந்தம். ஒட்டுச் சேர்ற அளவுக்கு நெருக்கம் இல்லை. ஆனா அந்த அரிப்பும் காட்டுப் பிடிவாதமும் இரண்டு பேருக்கும் பொது.

இந்த அமெரிக்கக் காட்டுக்கொடி ஐரோப்பாவைக் கெடுத்த கதையையும் காப்பாத்தின கதையையும் சொல்லியாகணும், ஏன்னா நாங்க தினம் பந்தலுக்குக் கீழ அனுபவிக்கிறது அந்தக் கதைதான். 1800களில் ஐரோப்பாவுல பணக்காரத் தோட்டக்காரங்களுக்கு அமெரிக்கக் கொடி மேல ஒரு மோகம். கப்பல்ல குச்சியும் வேரும் வந்து இறங்குச்சு. நீராவிக் கப்பல் வந்தபிறகு பயணம் சுருங்கிப்போனதால, அந்த வேர்ல இருந்த பேனும் உயிரோட வந்து சேர்ந்துச்சு. பிலாக்ஸெரான்னு பேர். 1860களில் தெற்கு பிரான்சுல கொடிகள் காரணமே தெரியாம கூட்டம் கூட்டமா சாக ஆரம்பிச்சுது. 1868இல் பிளாஞ்சோன்ங்கிற தாவர அறிஞர் கூட இரண்டு பேரோட போய், செத்த கொடியை விட்டுட்டுச் சாகப்போற கொடியைத் தோண்டிப் பார்த்தார். வேர்ல மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு பேன். செத்த கொடியைத் தோண்டினவங்களுக்குத் தெரியலை, ஏன்னா பேன் அதுக்குள்ள அடுத்த கொடிக்குப் போயிடும். எந்த விவசாயியும் புரிஞ்சுக்குற வித்தை இது.

பிரெஞ்சு அரசாங்கம் மருந்து கண்டுபிடிக்கிறவங்களுக்கு மூணு லட்சம் பிராங்க் பரிசுன்னு அறிவிச்சுது. என்னென்னவோ யோசனை வந்து குவிஞ்சுது. கடைசியில நிலைச்சது ரொம்பச் சாதாரணமான யோசனை. பேனோட பிறந்து பேனோட வளர்ந்த அமெரிக்கக் காட்டுக்கொடியை வேரா வச்சு, அதுமேல பிரெஞ்சுக் கொடியை ஒட்டு. காட்டு வேரைப் பேன் கடிச்சா அந்தக் காயத்தைச் சுத்தி அது தக்கை மாதிரி தோல் போட்டு மூடிக்கும், அழுகல் உள்ள இறங்காது. பரிசு கடைசி வரைக்கும் யாருக்கும் கொடுக்கலை. அது அரசாங்கங்களோட பழக்கம், எந்த ஊரா இருந்தா என்ன.

அதுலயும் ஒரு சிக்கல். முதல்ல வந்த ஆத்தங்கரை இனங்கள் சுண்ணாம்பு மண்ணுல மஞ்சளா வெளிறிப் போச்சு. பிராந்திக்குப் பேர்போன கோன்யாக் பகுதி முழுக்கச் சுண்ணாம்பு பூமி. 1887இல் வியாலாங்கிற பேராசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. சுண்ணாம்பு மண்ணுல விளையுற காட்டுத் திராட்சையைத் தேடி அவர் டெக்ஸஸ் வந்தப்போ வழிகாட்டினவர் நம்ம மன்சன்தான். அடுத்த வருஷமே பிரெஞ்சு அரசு மன்சனுக்கு விவசாய விருது கொடுத்துக் கௌரவிச்சுது. இன்னைக்கும் டெனிசனும் கோன்யாக்கும் சகோதர நகரங்கள்.

இந்தக் கொடிப் போக்குவரத்துல பேன் மட்டும் போகலை. அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவுல இருந்து போனதுதான், 1878இல் பிரான்சுல தெரிஞ்சுது. அதை அடக்க 1885 வாக்குல போர்டோ நகரத்துப் பக்கம் கண்டுபிடிச்சதுதான் போர்டோ கலவை. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி 100 லிட்டர். எங்க பள்ளத்தாக்குல எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் தூக்கத்துல சொல்வான் இந்தக் கணக்கை. மழைக்காலத்துல எங்க பந்தல் இலை நீலம் பூத்து நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்த நீலத்துக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு.

எனக்கு இதுல சிரிப்பு வர்ற இடம் ஒண்ணு உண்டு. 1934இல் பிரான்சு ஒரு சட்டம் போட்டுது. அமெரிக்க ரத்தம் உள்ள ஆறு திராட்சை ரகங்களோட ஒயினை விக்கக் கூடாதுன்னு. அதுல இசபெல்லாவும் ஒண்ணு, நம்ம பெங்களூர் புளூவோட மூலம். நரி வாசனை அடிக்குது, ருசி மட்டம், உடம்புக்கு ஆகாதுன்னெல்லாம் பேசினாங்க. ஒயின் தேங்கிக் கிடந்த காலம் அது, எதையாவது வெளியேத்தணும்ங்கிற கணக்கும் அதுல உண்டு. மண்ணுக்குக் கீழ அமெரிக்கன் இருக்கலாம், மண்ணுக்கு மேல அவன் முகம் தெரியக் கூடாது. அங்கேயும் இந்த நாட்டு, அந்நியம் கச்சேரிதான். தாங்கிப் பிடிச்சிருக்கிற வேருக்கு அந்தக் கச்சேரியில நாற்காலி கிடையாது. 'ஒட்டு இல்லையே'ன்னு போன்ல கேட்கிறப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வருது.

ஒட்டுன்னா ஏதோ ஊசிபோட்டு உள்ள மாத்துறதுன்னு சிலபேர் நினைக்கிறீங்க. அப்படி எதுவும் இல்லை. வேர்ச்செடியை நட்டு, பென்சில் கனத்துக்குத் தண்டு வந்ததும், தரையில இருந்து ஒரு அடிக்கு மேல வெட்டி, நடுவுல பிளந்து, இரண்டு கணு உள்ள பன்னீர்க் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால இறுக்கிக் கட்டணும். அவ்வளவுதான். பட்டையும் பட்டையும் சேர்ந்துக்கிட்டா மூணு வாரத்துல மொட்டு உடையும். மேல பன்னீர், கீழ டெக்ஸஸ். பழம் பன்னீராவேதான் காய்க்கும். ஒட்டுக்குக் கீழ காட்டுத் துளிர் வந்துக்கிட்டே இருக்கும், அதை விடாம கிள்ளணும். ஒட்டுப் போட்ட இடத்தை மண்ணு மூடக் கூடாது. மூடினா பன்னீர் தானே வேர்விட்டு, காட்டு வேர் வச்ச காசு வீண்.

டாக்ரிட்ஜ் மகாத்மா இல்லை. குறையும் உண்டு. அதுக்கு வேகம் அதிகம். கொழுத்த மண்ணுல போட்டு யூரியாவையும் காட்டினா காய் மறந்து கொடி மட்டும் ஓடும். கலிபோர்னியாவுல மணல் பூமிக்கும் மெலிஞ்ச பூமிக்கும்தான் இதைச் சொல்லுவாங்க. நட்ட குச்சியெல்லாம் வேர் பிடிக்கவும் பிடிக்காது. என் ஏக்கர்ல போக்கு விழுந்த இடத்தை இரண்டு தடவை நிரப்பினேன். வளர ஆரம்பிச்சா சொல்லவே வேண்டாம். இளந்துளிர்ல நூலாம்படை மாதிரி வெள்ளை ரோமத்தோட எழும்பி, கயிறு கட்டுறதுக்குள்ள அடுத்த குச்சியைப் பிடிச்சிருக்கும்.

அதைவிடப் பெரிய கவலை வேற. நாடு முழுக்க ஒரே வேரா நட்டா என்ன ஆகும்? கலிபோர்னியாவுல இதுக்குப் பதில் இருக்கு. ஏ.எக்ஸ்.ஆர்.1னு ஒரு வேர், ஐரோப்பியக் கொடிக்கும் அமெரிக்கக் காட்டுக்கொடிக்கும் பிறந்தது. நல்ல மகசூல். அங்கத்திப் பல்கலைக்கழகமே பரிந்துரைச்சுது. வேற நாடுகள்ல அது பேனுக்குத் தோத்த கதை தெரிஞ்சும், நாப்பா, சொனோமா முழுக்க அதையே நட்டாங்க. 1980களில் பேன் திரும்பி வந்துச்சு. ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட்டாங்க. பாதிக் காட்டு ரத்தம் பத்தலை. எல்லாரும் ஒரே கொடியில தொங்கினதால எல்லாரும் சேர்ந்து விழுந்தாங்க.

டாக்ரிட்ஜ் ஒரே ஒரு கொடி. குச்சி வெட்டி வெட்டிப் பெருக்கினது, எத்தனை லட்சம் நட்டாலும் அது ஒரே ஆள். அதுக்கும் ஒருநாள் ஒரு புழுவோ ஒரு நோயோ வரும். அன்னைக்கு நாம எங்கே போவோம்? மறுபடி காட்டுக்குத்தான் போகணும். அப்ப அந்தக் காடு, அந்த ஆத்தங்கரை, அந்த வேலி இருக்கணும். மன்சன் குதிரையில போன இடங்கள்ல பாதி இப்ப ரோடும் வீடுமா இருக்கும்.

இதை அமெரிக்கா சமாச்சாரம்னு விட்டுட முடியலை என்னால. நம்ம வேலிக்கு வாங்க. சுண்டைக்காய்ச் செடியை வேரா வச்சு அதுமேல கத்தரியை ஒட்டுறது இப்ப நம்ம தமிழ்நாட்டுலேயே நடக்குது, வேளாண் பல்கலைக்கழகமே சொல்லிக்கொடுக்குது. வாடல் நோயும் நூற்புழுவும் கத்தரியைச் சாய்க்கிற மண்ணுல சுண்டை அசையாம நிக்கும். யாரும் விதைக்காம, தண்ணி ஊத்தாம, குப்பைமேட்டுல தானா முளைச்ச சுண்டை. டெக்ஸஸ் நாய் மேட்டுல மன்சன் பார்த்தது இப்படி ஒண்ணைத்தான். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தோட்டத்தைச் சுத்திக் கிளுவையும் கள்ளியும், அதுமேல பிரண்டையும் கோவையும் முசுமுசுக்கையும் ஏறிக் கிடக்கும். இப்ப சுத்துப்பட்டுல பாதி வேலி கம்பி வேலி. பொக்லைன் ஒரு மணி நேரத்துல வழிச்சுத் தள்ளிட்டுப் போயிடுது. அடியில புல்லுகூட முளைக்காம மருந்தடிச்சு வச்சிருக்கிறதைச் 'சுத்தமான தோட்டம்'னு சொல்றாங்க. தோட்டத்தைப் பார்க்க வர்ற டவுன்காரங்களும் அந்தச் சுத்தத்தைத்தான் போட்டோ எடுக்கிறாங்க.

அதனால அடுத்த தடவை யார்கிட்ட பழம் வாங்கினாலும் ஒட்டா இல்லையான்னு கேட்காதீங்க. நூற்புழுவுக்கு என்ன மருந்து போட்டீங்கன்னு கேளுங்க. கடைசியா மருந்தடிச்சு எத்தனை நாள் கழிச்சு வெட்டுனீங்கன்னு கேளுங்க. பழம் வெளிய வழவழன்னு இருக்கா, நீலச் சாயம் மாதிரி ஏதும் படிஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா நல்லாக் கழுவுங்க. தோலோட மேல இருக்கிற சாம்பல் பூச்சு மருந்து இல்லை, பழத்தோட இயற்கை மெழுகு, அதுக்குப் பயப்பட வேண்டாம். ஊருக்கு வந்தீங்கன்னா வேலியைப் பாருங்க. உயிர்வேலி வச்சிருக்கிறவன்கிட்ட ரெண்டு ரூபா கூடக் கொடுத்து வாங்குங்க, அந்த ஒரு சென்ட் இடத்துல அவன் எதையும் விளைவிக்காம விட்டுவச்சிருக்கான்.

என் ஏக்கர்ல டாக்ரிட்ஜ் இப்ப ஆளுயரத்துக்கு வந்துடுச்சு. புரட்டாசி பிறந்ததும் ஒட்டுக்கட்ட ஆள் சொல்லியிருக்கேன். பன்னீர்க் குச்சி, அப்பா நட்டதுல இன்னும் தெம்பா நிக்கிற பதினொரு கொடியைக் குறிச்சு வச்சிருக்கேன், அதுல இருந்துதான் வெட்டணும். இன்னொரு ஏக்கர் பழைய கொடி இந்த வருஷமும் நிக்கும், கையில கொஞ்சமாவது காசு வேணுமே. வரிசைக் கடைசியில ஒரே ஒரு டாக்ரிட்ஜை மட்டும் ஒட்டாம விட்டுட்டேன். கிணத்தோரக் கிளுவை வேலியில ஏத்திவிட்டாச்சு. பக்கத்துல ஏற்கெனவே பிரண்டை இருக்கு. மாமா வீட்டு ஆடு முதல் வாரமே இரண்டு தடவை கடிச்சிடுச்சு, அது பாட்டுக்குத் திரும்பத் துளிர்த்துக்கிட்டு இருக்கு.